தருமபுரியில் உச்சிவேளை எத்தனை மணிக்கு? ஒரு விநாடியைச் சேர்த்த கதை

தருமபுரியில் சூரியன் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு உச்சிக்கு வரும் நாள் வருடத்தில் ஒன்றுகூடக் கிடையாது. மொட்டை மாடியில் ஒரு கம்பைச் செங்குத்தாக நட்டு, அதன் நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று பார்த்தால் தெரிந்துவிடும். பிப்ரவரி நடுவில் பார்த்தால் பன்னிரண்டரையும் தாண்டி ஒரு நிமிடம் ஆகியிருக்கும். நவம்பர் முதல் வாரத்தில் 12:01 வாக்கில் நிழல் குறுகி முடிந்திருக்கும். வருடம் முழுக்கச் சராசரி எடுத்தால் 12:17. கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் ஏறக்குறைய இதே கணக்குதான், ஒன்றரை நிமிடத்துக்குள் முன்னே பின்னே. ஏப்ரல் 22-ஐயும் ஆகஸ்ட் 21-ஐயும் ஒட்டிய ஓரிரு நாளில் மட்டும் இந்தச் சோதனை வேறொரு அழகைக் காட்டும். சூரியன் நேர் தலைக்கு மேலே வந்து, கம்பின் நிழல் சில நிமிடங்களுக்குக் காணாமலே போய்விடும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டியது.

காரணம் எளிமையானது. நம் கடிகாரம் காட்டுவது நம் ஊர் நேரமல்ல. உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கமாகப் போகும் 82.5 பாகை தீர்க்கரேகையின் நேரம் அது. தருமபுரி இருப்பது சுமார் 78.2 பாகையில். பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் ஆகும் என்பதால், அங்கே உச்சிக்கு வந்த சூரியன் இங்கே உச்சிக்கு வர மேலும் பதினேழு நிமிடம் பிடிக்கிறது. பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் மாதத்துக்கு மாதம் இன்னும் கால் மணி நேரம் வரை கூடிக் குறைகிறது. 1906 ஜனவரி 1 அன்று இந்தியாவுக்கு ஒரே நேரம் என்று ஆகும் முன், ரயில்கள் மதராஸ் நேரத்தில் ஓடின. அந்தக் கணக்கில் நமக்கும் நம் சூரியனுக்கும் எட்டு நிமிட இடைவெளிதான் இருந்தது. அது பதினேழானபோது யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. விடிந்தால் எழுந்தோம், இருட்டினால் விளக்கேற்றினோம்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகத்துக் கடிகாரங்களில் எப்போதாவது சேர்க்கும் ஒரு கூடுதல் விநாடியான லீப் விநாடி பற்றிப் பேசும்போதெல்லாம், 'அது இல்லாவிட்டால் கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது சூரியன் உச்சியில் இருக்காது' என்று விளக்கம் தருகிறார்கள். தருமபுரிக்காரர்களுக்கு இது பொருந்தாது. சூரியன் ஏற்கெனவே அங்கே இல்லை. பதினேழு நிமிடத்தை, பிப்ரவரியில் அரை மணி நேரத்தையே பொறுத்துக்கொண்ட நாம், ஒரே ஒரு விநாடிக்காக உலகத்துக் கடிகாரங்களையெல்லாம் ஏன் நிறுத்திப் பிடித்தோம்?

முதலில் அந்த விநாடி எப்படி வந்தது என்று பார்ப்போம். 2017 ஜனவரி 1, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி மாதத்து விடிகாலை. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுக்கொண்டிருக்க, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கவனித்திருக்க வழியில்லை. புது தில்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கடிகாரம் 5:29:59 காட்டியது. அடுத்து 5:30:00 வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 5:29:60 என்று ஒன்று வந்தது. அதற்கப்புறம்தான் ஐந்தரை மணி ஆனது. அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் 61 விநாடிகள். லண்டனில் அப்போது டிசம்பர் 31 நள்ளிரவு. உலகம் முழுக்க இந்த விநாடி ஒரே கணத்தில்தான் சேர்க்கப்படும். அது எப்போதும் ஜூன் அல்லது டிசம்பர் கடைசி நாளில் கிரீன்விச் நள்ளிரவில் வருவதால், இந்தியாவில் அது எப்போதும் விடிகாலை ஐந்தரைக்குத்தான் வரும்.

1972-இல் இந்த ஏற்பாடு தொடங்கியதிலிருந்து 27 முறை இப்படிச் சேர்த்திருக்கிறார்கள். அந்த 2017 புத்தாண்டுக் காலையே கடைசி. அதன்பின் இதுவரை ஒன்றும் இல்லை. இதையும் லீப் வருடத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பிப்ரவரி 29 என்பது பூமி சூரியனைச் சுற்றிவரும் கணக்கைச் சரிசெய்வதற்கு. லீப் விநாடி பூமி தன்னைத்தானே சுற்றும் கணக்குக்கு. முன்னதை எத்தனை ஆண்டுக்கு முன்பே வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். 2096 லீப் வருடம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பின்னதை ஆறு மாதத்துக்கு முன்னால்தான் சொல்ல முடியும். பூமி அடுத்து என்ன செய்யும் என்று பூமிக்கு மட்டுமே தெரியும்.

விநாடி என்பது என்ன என்ற கேள்விக்கு இரண்டு தலைமுறைக்கு முன்புவரை வானத்தில்தான் பதில் இருந்தது. ஒரு நாளை 86,400 பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு விநாடி. நாள் என்பது பூமி ஒரு சுற்று சுற்றுவது. பூமியே கடிகாரம். ஆனால் அந்தக் கடிகாரம் சீராக ஓடவில்லை என்ற சந்தேகம் பழையது. 1695-இலேயே எட்மண்ட் ஹாலி பழைய கிரகணக் குறிப்புகளைப் பார்த்து, நிலா முன்பைவிட வேகமாக ஓடுவதுபோல் தெரிகிறதே என்று எழுதினார். 1754-இல் இம்மானுவேல் காண்ட், கடல் அலைகளின் ஏற்ற இறக்கம் பூமியின் சுழற்சியைத் தடுத்து மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டார். இருபதாம் நூற்றாண்டில்தான் இது ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதியானது. அப்போது வானியலாளர்கள் விநாடியைப் பூமியின் சுழற்சியிலிருந்து பிரித்து, பூமி சூரியனைச் சுற்றும் இயக்கத்தோடு கட்டினார்கள். 1955-இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எஸ்ஸனும் ஜாக் பாரியும் நம்பகமாக ஓடும் முதல் சீசியம் அணுக் கடிகாரத்தை இயக்கிக் காட்டினார்கள். முந்நூறு ஆண்டில் ஒரு விநாடி பிசகினால் அதிகம் என்ற துல்லியம். அடுத்த மூன்று ஆண்டுகள், அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தில் வில்லியம் மார்கோவிட்ஸின் குழு நிலாவைப் படமெடுத்து வானத்து விநாடியை அளக்க, எஸ்ஸன் அதே விநாடியில் சீசியம் எத்தனை முறை துடிக்கிறது என்று எண்ணினார். வந்த விடை 9,192,631,770. 1967 முதல் விநாடி என்றால் இதுதான்.

இங்கேதான் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. மார்கோவிட்ஸ் எடுத்துக்கொண்ட வானத்து விநாடிக்கு அடிப்படை, சைமன் நியூகோம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த சூரிய அட்டவணைகள். அவர் பயன்படுத்திய பதிவுகள் 1750 முதல் 1892 வரையிலானவை. அவற்றின் நடுப்புள்ளி 1820 வாக்கில் விழுகிறது. ஆக, அணு விநாடியை 86,400 மடங்கு ஆக்கினால் கிடைப்பது 1820-ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு நாளின் நீளம். அதற்குப் பிறகு பூமி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. பிறந்த அன்றே நம் அணுக் கடிகாரம் நிகழ்காலப் பூமியைவிட வேகமாக ஓடியது இதனால்தான்.

எவ்வளவு வேகமாக? 1970-களில் ஒரு நாள் 86,400 விநாடியைவிட ஏறக்குறைய மூன்று மில்லி விநாடி நீண்டிருந்தது. மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரத்தில் நூறு மில்லி விநாடி ஓடிவிடும். ஆனால் தினமும் மூன்று மில்லி விநாடி என்றால் ஒரு வருடத்தில் ஒரு விநாடி சேர்ந்துவிடும். பலர் தடுக்கி விழும் இடம் இது. வருடா வருடம் லீப் விநாடி சேர்த்தால் பூமி வருடா வருடம் ஒரு விநாடி மந்தமாகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாளின் நீளம் அப்படி வருடத்துக்கு ஒரு விநாடி கூடினால், 3,600 ஆண்டில் ஒரு நாளுக்கு 25 மணி நேரம் ஆகிவிடும். மாதம் 15 விநாடி பிந்தும் வாட்சை மாதா மாதம் 15 விநாடி முன்தள்ளி வைக்கிறோம். அதனால் வாட்ச் மேலும் மேலும் மந்தமாகிறது என்று அர்த்தமில்லையே. பிந்துவது சேர்கிறது, அவ்வளவுதான்.

வாட்ச் என்றதும் ஓசூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரில் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1980-களில் தொடங்கிய டைட்டன் ஆலை, குவார்ட்ஸ் வாட்சை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது. அந்த வாட்சின் முதுகைத் திறந்தால், பட்டன் பேட்டரிக்குப் பக்கத்தில் அரிசியைவிடச் சற்றே பெரிய ஒரு உலோகக் குழாய் இருக்கும். அதற்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண் ஏன்? இரண்டால் பதினைந்து முறை வகுத்தால் சரியாக ஒன்று வரும். சின்னச் சில்லு ஒன்று அப்படி வகுத்து விநாடிக்கு ஒரு துடிப்பு அனுப்ப, விநாடி முள் 'டக்' என்று ஓர் அடி நகர்கிறது. சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்குச் சுமார் 15 விநாடி வரை பிசகலாம். லீப் விநாடி வந்தாலும் போனாலும் நம் கையில் கட்டியிருக்கும் பொருளுக்குத் தெரியாது. ஆகவே, அந்த ஒரு விநாடி யாருக்காகச் சேர்க்கப்படுகிறது என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

பூமியைப் பிடித்து இழுப்பது யார் என்பதைச் சொல்லிவிட்டு அந்தக் கேள்விக்கு வருகிறேன். தருமபுரிக்குக் கடலே கிடையாது. ஆனால் தருமபுரியின் நாளை நீட்டுவது கடல்தான். நிலாவின் ஈர்ப்பால் கடல்நீர் பொங்குகிறது. நிலா ஒருமுறை சுற்றிவர மாதம் ஆகிறது, பூமியோ ஒரே நாளில் சுழன்றுவிடுகிறது. அதனால் பொங்கிய நீரைப் பூமி தன்னோடு முன்னே இழுத்துக்கொண்டு போகிறது, நிலா அதைப் பின்னே இழுக்கிறது. ஆழமில்லாத கடல்களின் அடித்தரையில் இந்த உரசல் நடக்கிறது. பூமி இழக்கும் சுழற்சி நிலாவுக்குப் போய்ச் சேர, நிலா வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுகிறது. அப்பல்லோ பயணிகள் நிலாவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் ஒளியை அடித்து அளந்த கணக்கு இது. கடலின் உரசல் மட்டும் இருந்தால் ஒரு நூற்றாண்டில் நாளின் நீளம் 2.3 மில்லி விநாடி கூட வேண்டும். உண்மையில் கூடுவது அதைவிடக் குறைவு, 1.7 அல்லது 1.8. பனியுகத்தில் துருவங்களில் கிடந்த பெரும் பனிப்பாறைகளின் பாரம் நீங்கி, அழுந்திய நிலம் இன்னும் மேலெழும்பிக்கொண்டிருக்கிறது. பூமி கொஞ்சம் கொஞ்சமாக உருண்டையாகி வருகிறது. உருண்டையானால் வேகம் கூடும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதுதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த செய்தி. கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று பாபிலோனில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்ததைக் களிமண் பலகையில் எழுதிவைத்திருக்கிறார்கள். பூமி அன்றிலிருந்து இன்றுவரை ஒரே வேகத்தில் சுழன்றதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், அந்தக் கிரகணம் பாபிலோனில் தெரிந்திருக்கவே கூடாது. நிழல் சுமார் 49 பாகை மேற்கே தள்ளி விழுந்திருக்க வேண்டும். ஆனால் பாபிலோனியர் பார்த்தார்கள், எழுதினார்கள். அந்த 49 பாகையை நேரமாக்கினால் மூன்றே கால் மணி நேரம். இரண்டாயிரம் ஆண்டுகளாக மில்லி விநாடி மில்லி விநாடியாகச் சேர்ந்த பாக்கி. ரிச்சர்ட் ஸ்டீபன்சனும் லெஸ்லி மாரிசனும் பாபிலோனிய, சீன, அரபு, கிரேக்கக் குறிப்புகளைப் பல ஆண்டுகள் அலசி இந்த வரலாற்றைக் கட்டியெழுப்பினார்கள். பெயர் தெரியாத எழுத்தர்கள் சொல்லிவிட்டுப் போன சாட்சியம் இன்றைய அணுக் கடிகாரக் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனால் இது நெடுங்காலப் போக்கு. குறுகிய காலத்தில் பூமி இந்தப் போக்குக்குக் கட்டுப்படுவதில்லை. காற்று மண்டலம் பருவத்துக்குப் பருவம் வேகத்தை வாங்கியும் கொடுத்தும் விளையாடுகிறது. வருடத்தின் மிகக் குறுகிய நாட்கள் பொதுவாக ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வருவதற்கு அதுதான் பெரிய காரணம். நிலநடுக்கமும் மாற்றும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவை உலுக்கி, நம் கடற்கரையைச் சுனாமியால் அழித்த நிலநடுக்கம் நாளின் நீளத்தை 2.68 மைக்ரோ விநாடி குறைத்திருக்க வேண்டும் என்று நாசா விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். மைக்ரோ என்பது பத்து லட்சத்தில் ஒன்று. அளவிட முடியாத அளவு சிறியது, கணக்கில் மட்டுமே தெரிவது. எல்லாவற்றையும்விடப் பெரிய புதிர் பூமியின் உட்கரு. நமக்குக் கீழே மூவாயிரம் கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அது தன் சுழற்சியைக் குறைத்தால் மேலோடு வேகம் பிடிக்கிறது. 1972 முதல் 1979 வரை ஒன்பது லீப் விநாடிகள் தேவைப்பட்டன. 1999 தொடக்கத்திலிருந்து 2005 கடைசி வரை ஒன்றுகூட இல்லை. 2020-க்குப் பிறகு 86,400 விநாடிக்கும் குறைவான நாட்கள் அடிக்கடி வரத் தொடங்கின. 2024 ஜூலை 5 அன்று நாள் 1.66 மில்லி விநாடி குறைந்தது. அணுக் கடிகாரங்கள் வந்த பிறகு பதிவானதிலேயே மிகக் குறுகிய நாள் அது.

இவ்வளவு நுணுக்கமாக எப்படி அளக்கிறார்கள்? சூரியனைப் பார்த்து அல்ல. பல நூறு கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் குவேசார்கள் எனப்படும் மிகப் பிரகாசமான கேலக்ஸி மையங்களின் வானொலி அலைகளைக் கண்டங்கள் தாண்டி இருக்கும் தொலைநோக்கிகள் ஒரே நேரத்தில் பிடிக்கின்றன. ஒரு தொலைநோக்கிக்கும் மற்றொன்றுக்கும் அலை வந்துசேரும் நேர வித்தியாசத்திலிருந்து பூமி எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். அப்படிக் கிடைக்கும் பூமி நேரத்துக்கு யுடி1 என்று பெயர். நாம் பயன்படுத்தும் உலகப் பொது நேரம் யுடிசி. அதன் விநாடி அணுக் கடிகாரத்தினுடையது. இரண்டுக்கும் இடைவெளி 0.9 விநாடியைத் தாண்டக் கூடாது என்பதே விதி. தாண்டும் அறிகுறி தெரிந்தால் பாரிஸ் வானாய்வகத்திலிருந்து சர்வதேசப் பூமிச் சுழற்சி சேவை அறிக்கை அனுப்பும். இந்திய நேரம் யுடிசியோடு ஐந்தரை மணி நேரம் கூட்டியதுதான் என்பதால் தில்லியும் அதைப் பின்பற்றும்.

இப்போது அந்தக் கேள்வி. இந்த ஒரு விநாடி யாருக்கு வேண்டியிருந்தது? கப்பலோட்டிகளுக்கு. 1972-இல் நடுக்கடலில் இருக்கும் கப்பல் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிய, செக்ஸ்டன்ட் கருவியால் நட்சத்திரத்தை அளந்து, வானொலியில் வரும் நேரத் துடிப்போடு ஒப்பிட வேண்டும். பூமி சுழலும் வேகத்தில் தருமபுரி இருக்கும் அட்சரேகையில் ஒரு விநாடிக்குத் தரை 455 மீட்டர் கிழக்கே நகர்கிறது. நேரம் ஒரு விநாடி பிசகினால் கப்பலின் இடம் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் பிசகும். பாறைகள் நிறைந்த கரையோரத்தில் அரை கிலோமீட்டர் பெரிய விஷயம். வானியலாளர்களுக்கும் அதே தேவை. பக்கத்தில் ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் போன்ற இடங்களில், தொலைநோக்கியை ஒரு நட்சத்திரத்தின் மேல் குறிவைக்கப் பூமி இந்தக் கணத்தில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். ஒலிபரப்பாகும் நேரமே பூமியின் நேரத்தோடு ஒரு விநாடிக்குள் ஒத்துப்போனால் இவர்கள் எல்லோருக்கும் வசதி. 1972-க்கு முன்னால் விநாடியின் நீளத்தையே வருடத்துக்கு வருடம் இழுத்தும் சுருக்கியும் பார்த்தார்கள். பெரும் தலைவலி. விநாடியைத் தொடாமல், தேவைப்படும்போது முழு விநாடி ஒன்றைச் சேர்ப்பது அதைவிட நேர்மையான வழி. அந்தக் காலத்துக்கு அது மிக நல்ல ஏற்பாடு என்பதே என் எண்ணம்.

அப்புறம் கணினிகள் வந்தன. உலகத்துச் சர்வர்களில் பெரும்பாலானவை யூனிக்ஸ் நேரக் கணக்கைப் பின்பற்றுகின்றன. அதில் ஒரு நாளுக்கு 86,400 விநாடிதான், கூடவும் குறையவும் இடமில்லை. 5:29:60 என்று எழுதவே அதில் வழி கிடையாது. அதனால் லீப் விநாடி வரும்போது கணினி ஒரு விநாடியை இரண்டு முறை வாழ்கிறது. நேரம் ஒருபோதும் பின்னால் போகாது என்று நம்பி எழுதப்பட்ட நிரல்கள் அங்கே சிக்கிக்கொள்கின்றன. 2012 ஜூலை 1, இந்திய நேரம் காலை ஐந்தரைக்கு அப்படித்தான் ஆனது. லினக்ஸின் உட்பகுதியில் இருந்த ஒரு பிழையால் ஏராளமான சர்வர்கள் வேலையே இல்லாமல் முழு வேகத்தில் சுழன்று திணறின. ரெட்டிட் உள்ளிட்ட தளங்கள் விழுந்தன. ஆஸ்திரேலியாவின் குவாண்டஸ் விமான நிறுவனத்தில் பயணிகளைப் பதிவு செய்யும் அமைப்பு முடங்கி, விமானங்கள் தாமதமாயின. 2017 புத்தாண்டில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின், இணையத்தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் சேவையில் ஒரு பகுதி தடுமாறியது. இரண்டு நேரங்களைக் கழித்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே விடை வரும் என்று அந்த நிரலை எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை.

பெரிய நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே வழி தேடிக்கொண்டன. கூகுள் 2008-இலிருந்து அந்த ஒரு விநாடியை ஒரேயடியாகச் சேர்க்காமல் பல மணி நேரத்துக்குப் பரப்பிவிடுகிறது. இப்போதைய முறைப்படி 24 மணி நேரத்துக்கு ஒவ்வொரு விநாடியும் சுமார் 11.6 மைக்ரோ விநாடி நீளும். புத்திசாலித்தனமான வழிதான். ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு விதமாகப் பரப்பியது. அந்த ஒரு நாள் மட்டும் இரண்டு சர்வர்களுக்கு இடையே அரை விநாடி வரை முரண்பாடு. உலகத்துக்கு ஒரே நேரம் வேண்டும் என்று உருவான ஏற்பாடு, அந்த நாளில் பல நேரங்களை உருவாக்கியது. செயற்கைக்கோள்களின் வழி வேறு. ஜிபிஎஸ் 1980-இல் தொடங்கியது முதல் லீப் விநாடியையே சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது யுடிசியைவிட 18 விநாடி முந்தி ஓடுகிறது. நம் இஸ்ரோவின் நாவிக்கும் அப்படியே. அந்த 18 விநாடியைக் கழிக்கச் சொல்லிச் செயற்கைக்கோளே சமிக்ஞை அனுப்ப, நம் செல்போன் கழித்துக் காட்டுகிறது. ரஷ்யாவின் கிளோனாஸ் மட்டும் லீப் விநாடியைச் சேர்த்துக்கொள்கிறது.

கணக்கை அதன் போக்கில் விடுவதா, வானத்தைப் பார்த்துத் திருத்துவதா என்ற வழக்கு நமக்குப் புதிதல்ல. வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் தமிழ்நாட்டில் நூறு ஆண்டுக்கு மேலாக இதைத்தான் வழக்காடுகின்றன. பழைய வாய்ப்பாட்டை மாற்றாமல் கணிப்பது வாக்கியம். கண்ணால் காண்பதோடு ஒத்துப்போகத் திருத்திக்கொள்வது திருக்கணிதம். அதனால்தான் திருக்கணிதப்படி 2025 மார்ச்சில் வந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியப்படி 2026-க்குத் தள்ளிப்போனது. இரண்டு தரப்பும் கைவைக்காத ஒன்றும் இருக்கிறது. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நம் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீள்வதால், அறுபது எழுபது வருடத்துக்கு ஒரு நாள் என்று நகர்ந்து நகர்ந்து இருபத்துநான்கு நாள் சேர்ந்துவிட்டது. பொங்கல் பொங்காமல் நிற்கவில்லை. ஆனால் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும், எப்போது வேண்டுமானாலும் கணக்கிட முடியும். விலகலே தவறு என்று நான் நினைக்கவில்லை. விலகலை அளக்காமல் விடுவதுதான் தவறு.

2022 நவம்பரில் பாரிஸ் அருகே வெர்சாய்ல்ஸில் கூடிய எடை அளவுப் பொது மாநாடு இதே வழியைத்தான் எடுத்தது. 2035-ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ, 0.9 விநாடி என்ற எல்லையைப் பெரிதாக்குவது என்று முடிவெடுத்தது. புதிய எல்லை எவ்வளவாக இருந்தாலும், குறைந்தது நூறு ஆண்டுக்குத் திருத்தமே தேவைப்படாத அளவுக்கு இருக்க வேண்டும். அந்த எல்லைக்கான முன்மொழிவை 2026 மாநாட்டுக்குத் தயாரிக்கும்படியும் கேட்டுக்கொண்டது. 2023-இல் துபாயில் நடந்த உலக வானொலி மாநாடும் இதை ஏற்றுக்கொண்டது. கிளோனாஸ் செயற்கைக்கோள்களை மாற்ற அவகாசம் வேண்டும் என்று ரஷ்யா கேட்டதும் 2035 வரை தள்ளிப்போனதற்கு ஒரு காரணம்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பூமி இப்படியே வேகமாகச் சுழன்றால் ஒரு விநாடியைச் சேர்ப்பதற்குப் பதிலாக எடுக்க வேண்டிவரும். 5:29:58-க்குப் பிறகு நேராக 5:30:00. இதுவரை ஒருமுறைகூட நடந்ததில்லை. சேர்ப்பதிலேயே இத்தனை சர்வர்கள் விழுந்தன என்றால், யாரும் நிஜத்தில் சோதித்துப் பார்க்காத கழித்தலில் என்னென்ன விழும் என்று நேரத்துறை ஆட்கள் அஞ்சுவது நியாயம். இதில் பருவநிலை மாற்றமும் புகுந்திருக்கிறது. கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் உருகும் பனி கடலாகி நிலநடுக்கோட்டுப் பக்கம் பரவுகிறது. நிறை அச்சைவிட்டு விலகினால் சுழற்சி குறையும். 2024 மார்ச்சில் நேச்சர் இதழில் டங்கன் ஆக்னியூ வெளியிட்ட கட்டுரை, 2026-இல் தேவைப்பட்டிருக்கக்கூடிய அந்தக் கழித்தல் இதனால் 2029 வாக்கில் தள்ளிப்போகும் என்று கணித்தது. மனிதர்கள் எரித்த கரி கடிகாரத்தின் கணக்கிலேயே தெரியும் அளவுக்குப் பெரிதாகிவிட்டது என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

லீப் விநாடியை விட்டுவிட்டால் மனிதன் வானத்தோடு உள்ள உறவை அறுத்துக்கொள்கிறான் என்று வருந்துபவர்கள் இருக்கிறார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் உடன்பாடில்லை. அடுத்த நூறு ஆண்டில் விலகல் ஒரு நிமிடத்தைத் தொட்டாலே அதிகம். தருமபுரி வாசலில் நட்ட கம்புக்கு அது 12:17-க்கும் 12:18-க்கும் உள்ள வித்தியாசம். ஒரு மணி நேரமாகப் பல நூற்றாண்டுகள் பிடிக்கும். என் கவலை வேறொன்று. எல்லை எவ்வளவு என்பதை எண்ணாக எழுதிவைக்காமல் பின்னால் வருபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடக் கூடாது. யுடி1-க்கும் யுடிசிக்கும் உள்ள இடைவெளி இப்போதுபோலவே தினமும், யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியாக வேண்டும். அதற்குக் குவேசார்களைக் கேட்கும் தொலைநோக்கிகளுக்குப் பணம் ஒதுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். லீப் விநாடி போய்விட்டதால் பூமியை அளக்கும் வேலையும் முடிந்தது என்று நிதி ஒதுக்குபவர்கள் நினைத்துவிடும் ஆபத்து உண்மையானது. அந்த அளவீடு இல்லாமல் ஜிபிஎஸ்ஸும் ஓடாது, நாவிக்கும் ஓடாது, விண்கலத்தைச் செவ்வாய்க்கு அனுப்பவும் முடியாது.

நடைமுறையில் உடனே செய்ய வேண்டிய வேலையும் கொஞ்சம் இருக்கிறது. தொலைநோக்கிகளையும் செயற்கைக்கோள் ஆண்டெனாக்களையும் திருப்பும் பழைய நிரல்கள் பலவற்றில், இந்த இடைவெளி ஒரு விநாடிக்கு மேல் போகாது என்று நம்பி, புள்ளிக்கு முன்னால் ஓர் இலக்கத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறார்கள். சிலவற்றில் இடைவெளியே இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். எல்லை பெரிதாகும் முன்பே அவற்றைத் தேடிப்பிடித்துத் திருத்த வேண்டும். அதற்கு இன்னும் பத்து ஆண்டுகூட இல்லை.